எழுதத் தெரியாதவர்களா? எழுத விடப்படாதவர்களா?



இலக்கிய நிகழ்ச்சிகளில் ஒரு கேள்வி அவ்வப்போது எழுவதுண்டு. ஈராயிரம் ஆண்டு நெடுமை கொண்ட தமிழ் இலக்கியத்தில் பெண் படைப்பாளர்களின் எண்ணிக்கை ஏன் இத்துணைக் குறைவாக இருக்கிறது? கேள்வி கேட்டவரே பெரும்பாலும் விடையையும் சொல்லிவிடுவார். "பெண்களுக்கு இயல்பாகவே இதில் நாட்டம் குறைவு, குடும்பந்தான் அவர்களுக்கு முதன்மை" என்பார். அவையில் சிலர் தலையாட்டுவர். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

இந்த விடையை ஏற்க என்னால் இயலவில்லை. நாட்டம் குறைவு என்று சொல்வதற்கு முன்னர், நாட்டம் இருந்தவளுக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டாவா? எழுத்தைக் கற்றுத் தந்தோமா? எழுதுவதற்கு நேரம் தந்தோமா? எழுதியதைத் தன் பெயரில் வெளியிட இடம் தந்தோமா? எழுதியதை ஓர் ஆணின் எழுத்தை அளந்த அதே கோலால் அளந்தோமா? இந்நான்கு கேள்விகளுக்கும் வரலாறு தரும் விடைகளைத்தான் இங்கே எழுத முனைகிறேன்.

தொடக்கம் குறைவானதன்று

முதலில் சங்க காலத்தைப் பார்ப்போம். சங்கப் பாடல்களைப் பாடியோராகப் பெயர் அறியப்பட்ட புலவர்கள் 473 பேர் என்பர். அவர்களுள் பெண்பாற் புலவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் 30 பேருக்குக் குறையாது என்பது பொதுவாக ஏற்கப்பட்டதே. உலகின் பழைய இலக்கியங்களுள் இத்தனை பெண்களின் பெயரைச் சொல்லும் தொகுப்புகள் மிகச் சிலவாகவே இருக்கும்.

இவர்கள் ஒரே குடியில் பிறந்தவர்கள் அல்லர். மட்கலம் வனையும் குடியைச் சேர்ந்த வெண்ணிக் குயத்தியார் இருக்கிறார். குறமகள் இளவெயினி இருக்கிறார். பூதப் பாண்டியனின் தேவியாகிய பெருங்கோப்பெண்டு இருக்கிறார். வெண்ணிக் குயத்தியார் என்ன செய்தார் தெரியுமா? வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை விளித்து, "வென்றவன் நீ, ஆயினும் தோற்று, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் உன்னினும் நல்லவன் அல்லவா?" என்னும் பொருள்படப் பாடினார். வெற்றிக் களிப்பில் இருந்த வேந்தனிடம் இதைச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளும் அவையும் வேண்டும். அன்று இரண்டும் இருந்தன.

பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். பாட்டுடைத் தலைவனாகிய ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் அவருக்கு அணிகலனுக்கென ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் தந்தான் என்று அப்பத்தின் பதிகம் கூறுகிறது. பாட்டுக்குப் பொன் என்றால், அது புலமைக்குத் தந்த மதிப்பு. பெண் என்பதால் பரிசு குறைக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆக, தமிழ்ப் பெண்ணுக்குப் பாட்டு வராது என்பது பொய். வந்தது. பிறகு எங்கே போயிற்று?

கிழவி, பேய், தெய்வம்

சங்க காலத்திற்குப் பின் பெண் குரல்கள் அருகிவிடுகின்றன. சைவ நாயன்மார் 63 பேருள் பெண்கள் மூவர். அம்மூவருள் பாடல்கள் நமக்குக் கிடைத்திருப்பது காரைக்கால் அம்மையார் ஒருவருடையவை மட்டுமே. ஆழ்வார்கள் பன்னிருவருள் பெண் ஆண்டாள் ஒருவரே.

இவ்வெண்ணிக்கையைவிட எனக்கு வியப்பளிப்பது இவர்களைப் பற்றி நம் முன்னோர் சொல்லி வந்த கதைகள். ஔவையாரை எடுத்துக்கொள்வோம். திருமணப் பேச்சு எழுந்தபோது, தம் இளமையை நீக்கி முதுமையைத் தருமாறு விநாயகரை வேண்டிக் கிழவியானார் என்பது வழிவழி வந்த கதை. 1953இல் வெளிவந்த 'ஔவையார்' திரைப்படம் அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. ஆனால் சங்கப் பாடல்களில் நாம் காணும் ஔவையார் அதியமானின் நண்பர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர். அவன் தந்த கள்ளை உண்டு மகிழ்ந்தவர். புறநானூற்றின் 89ஆம் பாடலில் பகையரசன் அவரை ஒளிபொருந்திய நெற்றியும் மையுண்ட கண்ணும் உடைய விறலியாகவே விளிக்கிறான். கோலூன்றிய மூதாட்டி அங்கே இல்லை. ஔவை என்னும் பெயரில் வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த பலரை ஒருவராக்கி, அந்த ஒருவரையும் கிழவியாக்கி வைத்திருக்கிறோம்.

காரைக்கால் அம்மையாரின் வரலாறு நாம் அறிந்ததே. புனிதவதி என்னும் வணிகர் குலப் பெண். மாம்பழ நிகழ்ச்சிக்குப் பின் கணவன் பரமதத்தன் அஞ்சி விலகி, வேறொருத்தியை மணந்துகொள்கிறான். இனி இவ்வுடலழகு எதற்கு என்று கருதிய அம்மையார், பேயுரு வேண்டிப் பெறுகிறார். அற்புதத் திருவந்தாதியும் திருவிரட்டை மணிமாலையும் பாடி, பின்வந்தோர்க்கு வழிகாட்டிய முன்னோடி அவர். ஆண்டாளோ துளசிச் செடியின் கீழ்க் கிடைத்த குழந்தை. மானிடரை மணக்க மறுத்து அரங்கனோடு கலந்தவர்.

மூன்று கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவர் கிழவியாகிறார். ஒருவர் பேயாகிறார். ஒருவர் தெய்வமாகிறார். பக்திக் கண்கொண்டு பார்ப்போர்க்கு இவை அருளின் கதைகள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் இவற்றுள் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. கணவனோடும் பிள்ளைகளோடும் வீட்டில் இருந்துகொண்டே ஒருத்தி பெரும்புலவராகவும் விளங்க முடியும் என்பதை இக்கதை மரபு எண்ணிப் பார்க்கவில்லை. புலமை வேண்டுமா? இல்லறத்தை விட்டு வெளியே போ! ஆண் புலவர்களுக்கு இந்த நிபந்தனை இருந்ததில்லை.

இருபதாம் நூற்றாண்டிலும் இதன் நிழல் நீடித்தது. அசலாம்பிகை அம்மையார் இளமையிலேயே கணவரை இழந்தவர்; தமிழ் கற்றுக் காந்தி புராணம் பாடியவர். அவரைப் பாராட்ட விரும்பிய திரு.வி.க. 'இக்கால ஔவையார்' என்று புகழ்ந்தார். பாராட்டு உயர்ந்ததுதான். ஆனால் ஒரு பெண்ணைப் பாராட்ட ஔவையை விட்டால் வேறு பெயர் நம்மிடம் இருக்கவில்லை என்பதும் அதனால் தெரிகிறது அல்லவா?

எழுத்து மறுக்கப்பட்டவர்

1901ஆம் ஆண்டின் குடிமதிப்புப்படி இந்தியப் பெண்களுள் எழுத்தறிவு பெற்றிருந்தோர் 0.6 விழுக்காட்டினர். ஆயிரம் பெண்களை நிறுத்தினால் ஆறு பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். எஞ்சிய 994 பேருள் எத்தனை ஔவையர் இருந்தனரோ!

அதே 1901இல் பிறந்தவர்தான் வை.மு.கோதைநாயகி அம்மாள். ஐந்தரை வயதில் அவருக்குத் திருமணம் நடந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. ஆனால் கதை சொல்லும் ஆற்றல் அவருக்குள் இருந்தது. கணவருடன் நாடகங்களைப் பார்த்து வந்தவருக்குத் தாமும் ஒரு நாடகம் படைக்க வேண்டும் என்ற வேட்கை பிறந்தது. அப்போது அவருக்குச் சரளமாக எழுத வராது. என்ன செய்தார்? தாம் வாயால் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாளை எழுதச் செய்தார். 'இந்திர மோகனா' என்னும் அந்நாடகம் 1924இல் நூலாக வந்தது. தோழியிடமே எழுத்தும் கற்றுக்கொண்டார்.

1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கி, 1960இல் மறையும் வரை அதனோடு வாழ்ந்தார். அவர் எழுதிய புதினங்கள் 115. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறைக்கும் சென்றார்.

இங்கே சிலர் கேட்கக்கூடும். "பார்த்தீர்களா, திறமை இருந்தால் எந்தத் தடையையும் மீறி வந்துவிடலாம் என்பதற்குக் கோதைநாயகியே சான்றாயிற்றே?" என்று. இது வலுவான வாதம்தான். அதனால் சற்று நின்று எண்ணுவோம். கோதைநாயகியின் கணவர் தடை சொல்லாமல் துணை நின்றார். சொன்னதை எழுதித் தர ஒரு பட்டம்மாள் கிடைத்தார். இவ்விரண்டில் ஒன்று இல்லாமற் போயிருந்தால்? அதே அறிவு, அதே கற்பனை, அதே 115 கதைகள் திருவல்லிக்கேணியின் ஏதோ ஒரு சமையற்கட்டில் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளாகக் கரைந்து போயிருக்கும். வெள்ளத்தைக் கடந்து ஒருவர் கரையேறினார் என்பதால், ஆற்றுக்குப் பாலம் தேவையில்லை என்று சொல்வோமா?

இரண்டு அளவுகோல்கள்

எழுதத் தெரிந்திருந்தாலும் துன்பம் தீர்ந்துவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில், தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மனின் அவையில் முத்துப்பழனி என்னும் கணிகையர் குலப் பெண்புலவர் இருந்தார். தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனமு' என்னும் காவியம் இயற்றினார். இராதை கண்ணன் காதலைப் பாடும் சிருங்கார நூல் அது. பிற்காலத்தில் கந்துகூரி வீரேசலிங்கம் அந்நூலைப் பெண்கள் கேட்கத் தகாதது என்று கண்டித்தார். வீரேசலிங்கம் சாதாரண மனிதரல்லர். பெண் கல்விக்கும் கைம்பெண் மறுமணத்திற்கும் பாடுபட்ட சீர்திருத்தச் செம்மல். அவருக்கே ஒரு பெண் எழுதிய சிருங்காரம் பொறுக்கவில்லை.

திருவையாற்றில் தியாகராசர் சமாதியைக் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் அந்நூலைச் செம்மையாகப் பதிப்பித்தார். ஆண்கள் எழுதிய இதனினும் வெளிப்படையான நூல்கள் போற்றப்படும்போது இதை மட்டும் பழிப்பது ஏன், நாணம் என்பது பெண்ணுக்கு மட்டும் உரியதா என்று அவர் எழுப்பிய வினாவுக்கு நேரான விடை வரவில்லை. மாறாக, ஆங்கில அரசு நூலைத் தடைசெய்தது. நாடு விடுதலை பெறும் காலம் வரையில் தடை நீடித்தது. 1952இல்தான் மறுபதிப்பு வந்தது. எழுதியதும் ஒரு பெண். மீட்டதும் ஒரு பெண். ஆனால் தீர்ப்பளித்த இருக்கைகளில் ஒரு பெண்கூட இல்லை!

பெயரை மறைத்தவர்கள்

இது நம் இனத்திற்கு மட்டும் உரிய குறை என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் ஷார்லட் பிராண்டி தம் 20ஆம் வயதில் கவிதைகளை அரசவைக் கவிஞர் இராபர்ட் சதேக்கு அனுப்பினார். 1837இல் வந்த மறுமொழி, இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்னும் கருத்தைத் தாங்கி வந்தது. ஷார்லட்டும் தங்கையர் இருவரும் 1846இல் தங்கள் கவிதை நூலைக் கர்ரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்னும் பெயர்களில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு வந்த 'ஜேன் அயர்', 'உதரிங் ஹைட்ஸ்' ஆகிய புதினங்களும் அப்படியே வந்தன. பெண்ணென்று தெரிந்தால் எழுத்தை விட்டுவிட்டு எழுதியவளைத் திறனாய்வு செய்வார்கள் என்ற அச்சமே காரணம்.

தமிழில் இதன் மறுதலையைக் காணலாம். எஸ்.ரங்கராஜன் என்னும் எழுத்தாளர், அதே பெயரில் ரா.கி.ரங்கராஜன் இருந்தமையால் குழப்பம் தவிர்க்கத் தம் மனைவியின் பெயரைச் சூடிக்கொண்டு சுஜாதா ஆனார். அதனால் அவருக்கு எந்த இழுக்கும் நேரவில்லை, புகழே சேர்ந்தது. ஆண் பெண்பெயர் பூண்டால் அது புனைபெயர். பெண் தன் பெயரை மறைத்தால் அது பெரும்பாலும் தற்காப்பு.

1968இல் பிறந்த கவிஞர் சல்மாவின் வாழ்க்கை இதற்குச் சான்று. திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில், பூப்பெய்தியதும் அவருடைய பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டது. வீட்டுக்குள்ளேயே ஆண்டுகள் கழிந்தன. மணமான பின் மற்றவர் கண்ணுக்குத் தப்பி மறைவாக எழுதினார். எழுதியவர் இன்னார் என்று ஊருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் சல்மா என்னும் பெயரே பிறந்தது. அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது. இவை பழங்கதைகள் அல்ல. நம் தலைமுறையில் நிகழ்ந்தவை.

நம் தோட்டங்களில் நடந்தது என்ன?

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்றது. அதனால் பல தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. ஆனால் பெயர்ப் பதிவேட்டில் இடம் கிடைப்பது வேறு. நாள்தோறும் பள்ளியில் அமர முடிவது வேறு.

விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் சீவக் காட்டுக்குள் நுழைய வேண்டும் தாய். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விடலாம். நடக்கத் தொடங்கிய தம்பியையும் தங்கையையும் யார் பார்ப்பது? மூத்த பெண்தான். அண்ணன் பள்ளிக்குப் போவான். அக்காள் லயத்து வாசலில் பிள்ளை தூக்குவாள். படித்தவளும் தொடக்கப்பள்ளி முடிந்ததும் மங்கு துடைக்கத் தாயுடன் போவாள். 'தமிழ் நேசன்', 'தமிழ் முரசு' நாளிதழ்கள் தோட்டத்திற்கு வந்தன. மாலையில் கடை வாங்கில் அமர்ந்து அவற்றைப் படித்தவர்கள் ஆண்கள். அந்நேரத்தில் பெண்கள் இரண்டாம் முறையாக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்பெண்களிடம் கலை இல்லையா? தாலாட்டும் ஒப்பாரியும் யார் பாடியவை? கப்பலேறி வந்த துயரையும் கங்காணியின் கொடுமையையும் இழுத்துக் கட்டி அவ்வப்போதே புனைந்து பாடியவர்கள் அவர்கள். பின்னர் சேகரித்தோர் அவற்றை 'நாட்டுப்புறப் பாடல்' என்றனர். புனைந்தவளின் பெயர் இல்லை. ஆண் எழுதினால் கவிதை, பெண் பாடினால் நாட்டுப்பாடல்!

இத்தகைய சூழலையும் தாண்டித்தான் ந.மகேசுவரி, க.பாக்கியம், பாவை, நிர்மலா ராகவன் முதலானோர் இம்மண்ணில் எழுத வந்தனர். அவர்களை வாசிக்கும்போது, வராமலே போனவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

முடிந்துவிட்ட கதையா?

"இப்போதுதான் எல்லாம் மாறிவிட்டதே" என்பார்கள். உண்மை, நிறைய மாறியிருக்கிறது. நம் பள்ளிகளில் ஆசிரியர்களுள் பெரும்பாலோர் பெண்களே. கட்டுரைப் பயிற்சி ஏடுகளைத் திருத்தும் ஒவ்வோர் ஆசிரியருக்கும், சிறந்த கற்பனைக் கட்டுரைகளுள் பல மாணவியருடையவை என்பது தெரியும். ஆனால் இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற அம்மாணவியரைச் சில ஆண்டுகள் கழித்துச் சந்தித்து, "இப்போதும் எழுதுகிறாயா அம்மா?" என்று கேட்டால், "எங்க டீச்சர் நேரம்?" என்கிறார்கள். எழுத்தும் வந்துவிட்டது, பெயரும் வந்துவிட்டது, அனுமதியும் ஓரளவு வந்துவிட்டது. நேரம் இன்னும் வரவில்லை. விருந்தினர் வந்தால் தேநீர் கலக்க எழுப்பப்படுவது இன்றும் அக்காளா, அண்ணனா?

விருதுகளின் வரலாறும் இதையே சொல்லும். சாகித்திய அகாதெமி 1955 முதல் பரிசளித்து வருகிறது. தமிழில் ஒரு பெண் முதன்முதலாக அதைப் பெற்றது 1973இல். 'வேருக்கு நீர்' எழுதிய ராஜம் கிருஷ்ணன். அவரும் 15 வயதில் மணமானவர், கல்லூரி காணாதவர், உப்பளத்திற்கும் கடற்கரைக்கும் நேரே சென்று மக்களைக் கேட்டறிந்து எழுதியவர். இப்படிப்பட்ட உழைப்பாளிகளுக்கும் கதவு திறக்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

ஆசிரியராகிய நாம் இதில் செய்யக்கூடியவை பெரிய செயல்கள் அல்ல.

1. செய்யுளும் மொழியணியும் பகுதியில் ஆத்திசூடி கற்பிக்கும்போது, ஔவை என்றதும் கோலூன்றிய பாட்டியின் படத்தை மட்டும் காட்ட வேண்டா. அரசனிடம் தூது சென்ற ஔவையாரையும் சொல்வோம். வெண்ணிக் குயத்தியாரின் பெயரையும் ஒருமுறை மாணவர் காதில் போட்டு வைப்போம்.

2. கோதைநாயகியின் கதையை வகுப்பில் சொல்வோம். எழுதத் தெரியாத ஒருவர் தோழியின் கையால் எழுத்தாளரானார் என்பதை இரண்டாம் ஆண்டு மாணவனும் விளங்கிக்கொள்வான்.

3. பாட்டியிடமோ கொள்ளுப்பாட்டியிடமோ ஒரு தாலாட்டைக் கேட்டு எழுதி வரச் செய்வோம். கீழே அவர்தம் பெயரை மறவாமல் எழுதச் சொல்வோம். பாடியவருக்கு ஒரு பெயர் உண்டு என்பதை அப்பிள்ளை அங்கே கற்றுக்கொள்ளும்.

4. பெற்றோர் சந்திப்பு நாளில் நன்றாக எழுதும் மாணவியின் தாய் தந்தையரிடம், "மகளுக்கு நாளும் அரைமணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள், அந்நேரம் யாரும் வேலை ஏவாதீர்கள்" என்று கேட்போம். சொன்னால் கேட்பார்கள். ஆசிரியர் சொல்லுக்கு நம் சமூகத்தில் இன்னும் மதிப்பு உண்டு.

பட்டம்மாள் ஒரு புதினமும் எழுதியதாக நாம் படித்ததில்லை. அவர் செய்தது ஒன்றே. தோழி சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு எழுதித் தந்தார். பிறகு எழுத்தையும் கற்றுத் தந்தார். அவ்வளவுதான். அதன் விளைவு 115 புதினங்கள். நம் ஒவ்வொருவர் வகுப்பிலும் ஒரு கோதைநாயகி இருக்கக்கூடும். பட்டம்மாளாக இருக்க நாம் அணியமா?

எண்ணிப் பார்ப்போம்.